கைக்குழந்தை இருக்கும் வீடு

மேல் தட்டில் இருந்த தரை கழுவும் மருந்துகளில் கடைசி பாட்டிலும் குப்பைக்கூடையில் தலைகீழாகக் கிடந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு அக்கா சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"இது என்ன பாவம் பண்ணுச்சு?"

தம்பி பெண்டாட்டி திரும்பவில்லை. பாத்திரம் கழுவும் தொட்டியில் சமையல் சோடாவைத் தூவி, அதன்மேல் வினிகரை ஊற்றிக்கொண்டிருந்தாள். தொட்டி புஸ்ஸென்று நுரைத்தது.

"கைக்குழந்தை இருக்கற வீடு அண்ணி. விஷமெல்லாம் வேண்டாம்."

"உம் புள்ளைக்கு ரெண்டு மாசம். குப்புற விழக்கூட இன்னும் தெரியல. மேல் தட்டுல ஏறி மூடியத் தொறந்துடுமா?"

தம்பி பெண்டாட்டி எலுமிச்சைத் தோலால் குழாயைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

அக்கா பெரிய ஓட்டல் ஒன்றில் அறைகளைச் சுத்தம் செய்யும் பெண்களுக்கு மேற்பார்வையாளர். அவள் கைபட்ட தரையில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்ளலாம். தாய் தகப்பன் போனபின் தம்பியைத் தூக்கி வளர்த்தவளும் அவள்தான். வயிற்றுப்புண்ணென்று அவன் ஆஸ்பத்திரியில் கிடந்து வீடு திரும்பியிருக்கிறான் என்று கேள்விப்பட்டதும் லீவு போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

வந்த இடத்தில் அவனோ கரகரத்த குரலில் ரெண்டு வார்த்தை பேசிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். எல்லாம் இவள் காதில் ஓதியது என்று அக்காவுக்கு நிச்சயம். தம்பி பழையபடி "அக்கா" என்று வாய் நிறையக் கூப்பிடாமல் இந்த வீட்டைவிட்டுக் கிளம்புவதில்லை என்று இருந்தாள்.

"ஊறுகா ஜாடிக்குள்ள குடியிருக்கற மாதிரி இருக்கு."

"அரை மணியில வாடை போயிடும்."

"கறை?"

"கறை இருந்துட்டுப் போகட்டும்."

இருந்துவிட்டுப் போகட்டுமாம். ஓட்டலில் ஒருத்தி இப்படிச் சொல்லியிருந்தால் அன்றே கணக்கு முடித்து அனுப்பியிருப்பாள்.

இது மட்டுமா? குளியலறைத் தாழ்ப்பாளையும் கழற்றிப் பரண்மேல் போட்டிருந்தாள். கேட்டால் அதற்கும் குழந்தைதான். நடக்க ஆரம்பித்தால் உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளுமாம். முளைக்காத பல்லுக்கு இப்போதே சீமைப் பற்பசை.

"சோம்பேறிக்குச் சாக்கு ஒரு கைக்குழந்தை." அக்கா முணுமுணுத்தாள், நன்றாகக் கேட்கும்படி.

"அண்ணி, உங்க ஓட்டல்ல நீங்க சொல்றது சட்டம். இங்க நான் சொல்றது."

"என் தம்பி வீட்டுல எனக்கே சட்டமா? அவன் குளிச்சுட்டு வரட்டும், கேக்கறேன்."

"அவர ஒண்ணும் கேக்காதீங்க."

"ஏன், அவன் வாயையும் வினிகர் போட்டுக் கழுவிட்டியா?"

எலுமிச்சைத் தோல் ஒரு நொடி நின்று, மறுபடி தேய்த்தது. அது அக்காவை மேலும் கிளப்பியது. வைத்திருந்த துருப்புச் சீட்டை இறக்கினாள்.

"நீ எத்தனை பாட்டில் வேணா தூக்கிப் போடு. நேத்தே கடைக்குப் போய் டைல்ஸ் கழுவற மருந்து ஒண்ணு வாங்கியாச்சு. ஒளிச்சும் வெச்சாச்சு. தரைன்னா எப்படி இருக்கணும்னு நாளைக்குக் காட்டறேன்."

சோடா டப்பா கை நழுவித் தரையில் கொட்டியது. தம்பி பெண்டாட்டி திரும்பினாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"எங்க வெச்சீங்க?"

"தேடு. கண்ணுல வெளக்கெண்ணெய விட்டுக்கிட்டுத் தேடு."

"அண்ணி. எங்க?"

அந்தக் குரலின் நடுக்கத்தில் அக்காவுக்கு உச்சி குளிர்ந்தது. வந்த நாளாக இன்றுதான் ஒரு கை மேலே நிற்கிறாள். ஆற அமரச் சொன்னாள்.

"உம் மூக்குக்குக் கீழதான். குளியலறையில, வாளிக்குப் பின்னாடி."

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் அப்போதுதான் நின்றது.

தம்பி பெண்டாட்டி ஓடினாள். தொட்டிலில் குழந்தை திடுக்கிட்டு வீரிட்டது. அதைத் தாண்டி ஓடினாள். குளியலறைக் கதவை இடித்துத் திறந்துகொண்டு உள்ளே நுழைந்தாள்.

"மனுஷன் குளிக்கறான், கொஞ்சமாவது கூச்சம் வேண்டாம்?" அக்கா பின்னாலேயே வந்து எட்டிப் பார்த்தாள்.

தம்பி துண்டைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். அவன் கையில் பாட்டில் இருந்தது. சீல் பிரியாத அதன் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தம்பி பெண்டாட்டி கத்தவில்லை. தூங்குகிற பிள்ளையிடமிருந்து பொம்மையை வாங்குவதுபோல் அதை மெல்ல வாங்கிக்கொண்டாள். "பாப்பா அழறா. நீங்க போய்த் தூக்குங்க," என்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு போனான்.

"பாத்துக்கோடா உம் பொண்டாட்டிய," அக்கா அவன் முதுகுக்குச் சொன்னாள். "அழற புள்ளைய விட்டுட்டு பாட்டிலப் புடிக்க ஓடி வர்றா. கேட்டா, எல்லாம் குழந்தைக்காகவாம்."

உள்ளே குழந்தையின் அழுகை அடங்கியது. கரகரத்த குரலில் அவன் ஏதோ பாடுவது கேட்டது. தம்பி பெண்டாட்டி பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.

"போன மாசம் உங்க தம்பிக்கு வந்தது வயித்துப்புண் இல்ல, அண்ணி."