கைச்சுற்று

உலக நன்மையை முன்னிட்டு, தெருநலச் சங்கம் அன்று காலை ஒரு வரலாற்று முடிவை அறிவித்தது: பெருந்தொற்றுக்கு வந்திருக்கும் புது ஊசியை முதலில் வேறு யாராவது போட்டுக்கொள்ளட்டும். அவருக்கு என்ன ஆகிறது என்று பார்த்துவிட்டு நாம் யோசிப்போம்.

அறிவித்தவர் சங்கத் தலைவர். கைதட்டியவர் மளிகைக்கடைக்காரர். கூட்டத்துக்கு வேறு யாரும் வரவில்லை. இடைவெளி விட்டு நிற்க வேண்டிய காலத்தில் அதுவே பெரிய கூட்டம்தான்.

அந்த 'வேறு யாராவது' தாம்தான் என்பது தையல்காரருக்கு அப்போது தெரியாது.

அவர் கடைக்குள் குனிந்து, மெஷினில் மழுங்கிப்போன ஊசியைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றைப் பொருத்திக்கொண்டிருந்தார். போன் அடித்தது. வீட்டிலிருந்து. இரண்டு கையும் வேலையாக இருந்ததால் முழங்கையால் தட்டி ஸ்பீக்கரில் போட்டார்.

"என்னங்க, ஊசி போட்டாச்சா?"

தையல்காரர் மெஷினைப் பார்த்தார்.

"ம், இப்பதான் போட்டேன்."

பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் மனைவி கேட்டது எந்த ஊசி என்று அவருக்கு நன்றாகவே தெரியும்.

அவளுக்கு வீசிங். அவர் சட்டையில் ஒட்டி வரும் பஞ்சுத் தூசி பட்டாலே நெஞ்சு விசிலடிக்கும். இந்தத் தொற்று வந்தால் தாங்க மாட்டாள் என்று டாக்டரே சொல்லிவிட்டார். அவளோ, முதலில் நீங்கள் போட்டுக்கொண்டு வாருங்கள், உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் நாளைக்கே நான் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

தையல்காரருக்கு உடம்பில் ஊசி என்றால் கைகால் உதறும். நாள் முழுக்க ஊசியோடு குடித்தனம் நடத்துகிறவர்தான். ஆனால் அது துணிக்குள் போகிற ஊசி. துணி கத்தாது.

எப்படியாவது அவளை அனுப்பிவிட வேண்டும். அதற்கு இவர் போட்டுக்கொண்டவராக ஆக வேண்டும். சொல்வது சுலபம், நடிப்பதுதான் கஷ்டம். போட்டுக்கொண்டவனுக்கு எங்கே வலிக்கும், காய்ச்சல் வருமா, சோறு இறங்குமா, ஒரு விவரமும் கைவசம் இல்லை. வீட்டுக்குப் போனதும் அவள் குறுக்கு விசாரணை செய்தால் அகப்பட்டுக்கொள்வார்.

யோசித்தபடி நிமிர்ந்தார். வாசலில் சங்கமே நின்றிருந்தது. ஸ்பீக்கர் தன் வேலையைச் செய்திருந்தது.

தலைவரும் மளிகைக்கடைக்காரரும் உள்ளே வந்து, வாங்கப்போகிற மாட்டைப் பார்ப்பது போல அவரைச் சுற்றி வந்தார்கள். மாஸ்க் மட்டும் இல்லாவிட்டால் பல்லையும் பிடித்துப் பார்த்திருப்பார்கள்.

"எந்தக் கை?" என்றார் தலைவர்.

"இடது," என்றார் தையல்காரர், குத்துமதிப்பாக.

"ராத்திரிதான் இருக்கு வேடிக்கை. கை அப்படியே கனத்துடும். அந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுத்துடாதீங்க."

"லேசா குளிரும்," என்று மளிகைக்கடைக்காரர் சேர்த்துக்கொண்டார். "வாய் கசக்கும். காப்பி குடிச்சா காப்பி மாதிரியே இருக்காது."

தையல்காரர் ஒவ்வொன்றையும் பாடம் செய்துகொண்டார். தேடிப்போகாமலே வீட்டுக்குத் தேவையான சரக்கு வந்து கொட்டுகிறது. கொட்டக் கொட்டத்தான், நூல் எங்கோ சிக்கியது மாதிரி ஒரு சந்தேகம். யாருமே போட்டுக்கொள்ளாத ஊசியைப் பற்றி இவர்களுக்கு இவ்வளவு எப்படித் தெரியும்?

"எல்லாம் படிச்சதுதான்," என்றார் தலைவர், யாரும் கேட்காமலேயே. "அதை விடுங்க. எனக்கு ஒரு அரைக்கைச் சட்டை அளவு எடுங்க. 'அவசரம் வேண்டாம்'னு வீடியோவுல பேசப் போறேன்."

தையல்காரர் டேப்பை எடுத்தார். தோள். மார்பு. கை நீளம். அரைக்கைக்குக் கைச்சுற்றும் பார்க்க வேண்டும். அதை எப்போதும் இடது கையில் அளப்பதுதான் அவர் பழக்கம். புஜத்தைச் சுற்றி டேப்பை இழுத்து ஒரு பிடி பிடித்தார்.

"அம்மாடி," என்று முனகியபடி தலைவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

மளிகைக்கடைக்காரர் குலுங்கிச் சிரித்தார். டேப் தம் பக்கம் திரும்புவதைக் கண்டதும் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, இடது தோளை மெல்லக் கதவுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

தையல்காரர் டேப்பைச் சுருட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"சம்சாரம் இழுத்துக்கிட்டுப் போயிட்டா," என்றார் தலைவர், தரையைப் பார்த்து. "சங்கத்துக்குத் தெரிய வேணாம்."

சங்கம் கதவுக்குப் பின்னாலிருந்து தலையாட்டியது.

அவர்கள் போனதும் தையல்காரர் வீட்டுக்குப் போன் போட்டார். புதிதாகக் கிடைத்த சரக்கு ஆறுவதற்குள் பரிமாறிவிட வேண்டும்.

"கை கனக்குது. லேசா குளிருது. வாயெல்லாம் கசப்பு. மத்தபடி ஒண்ணும் இல்ல. நீ நாளைக்குத் தைரியமாப் போகலாம்."

"அப்படியா? எனக்கு அதெல்லாம் ஒண்ணுமே தெரியலையே."

தையல்காரருக்குப் புரியவில்லை.

"நான் போன வாரமே போட்டுக்கிட்டேங்க. சொல்லியிருந்தா, வீட்டுல ஒருத்தர் போட்டாப் போதும்னு நீங்க உக்காந்திருப்பீங்க. உங்களைக் கிளப்பத்தான் அப்படி அடம் பிடிச்சேன். இப்பதான் எனக்கு மூச்சே வருது."

அவள் சிரித்தாள். நெஞ்சில் விசில் இல்லாத சிரிப்பு.

தெருவில் ஊசி போட்டுக்கொள்ளாதவர் தையல்காரர் ஒருவர்தான்.