ஜூன் ஒண்ணாம் தேதி டிக்கெட்

“அன்னைக்கு மட்டும் வேண்டாம் தாயி. வேற எந்த நாள்னாலும் போவோம்” என்றார் அப்பா இருளப்பசாமி.

காளீஸ்வரிக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

அருப்புக்கோட்டையில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு வேலை அவளுக்கு. வீட்டுக்கே அவள்தான் முதல் பட்டதாரி. சம்பாதிக்க ஆரம்பித்ததும் எல்லாரையும் மதுரைப் பக்கம் இருக்கிற தீம் பார்க்குக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று ஆசை. முழு விலைக்கு டிக்கெட் எடுத்தால் கட்டுப்படியாகாது. அதனால் ஒரு மாதமாக செல்போனில் தள்ளுபடிகளைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

கல்லூரி அடையாள அட்டைக்கு ஒரு சலுகை இருந்தது. அவள் போன வருசமே படிப்பை முடித்துவிட்டாள். புதன்கிழமை பெண்களுக்குப் பாதி விலை; புதன்கிழமை கடையில் லீவு தரமாட்டார்கள். கடைசியில் சிக்கியதுதான் இது. பிறந்த நாள் அன்று வருகிறவர்களுக்கு டிக்கெட் இலவசம். ஆதாரைக் காட்டினால் போதும்.

அவள் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒரே பிறந்த நாள். ஜூன் ஒன்று. இந்த வருசம் அது ஞாயிற்றுக்கிழமையாக வேறு அமைந்திருந்தது.

அம்மா கருத்தம்மாள் அந்தப் பொருத்தத்தைச் சொல்லாத ஆள் கிடையாது. சின்ன வயதிலேயே தாய் தகப்பனைப் பறிகொடுத்து, சொந்தக்காரர் வீட்டில் ஆடு மேய்த்து வளர்ந்தவள். “நானும் அவுகளும் ஒரே நாள்ல பொறந்தவுக. சாமி பாத்துப் போட்ட முடிச்சு” என்று களை எடுக்கிற இடத்திலும் சொல்வாள், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளிடமும் சொல்வாள்.

சலுகையைப் பற்றிச் சொன்னதும் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. பிறந்த நாளுக்கு இப்படியெல்லாம் மரியாதை செய்வார்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

அப்பாதான் முரண்டு பிடித்தார்.

முதலில் வெயில் என்றார். அப்புறம் உழவு இருக்கிறது என்றார், ஒரு பொட்டு மேகம் இல்லாத வானத்தைப் பார்த்துக்கொண்டே. பிறகு முழங்கால் வலி வந்தது. போன வருசம் காரியாபட்டிக்குக் குடிபோன சித்தப்பா சின்னத்துரை தன் வேனிலேயே எல்லாரையும் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார். “அவன் எதுக்கு? நாம மட்டும் பஸ்ஸுல போனா ஆகாதா?” என்று அதற்கும் ஒரு நொட்டை.

காளீஸ்வரி பொறுமை இழந்தாள். “பஸ்ஸுக் காசு மிச்சம்னு திருச்சுழிக்கு நடந்தே போற மனுசன் நீங்க. சும்மா குடுக்குறத வேணாங்கறீக. உங்களுக்காக நான் இன்னும் எத்தன நாளு இந்தப் போனப் பாத்துக்கிட்டே கெடக்க?”

அதற்கு அம்மாதான் பேசினாள்.

“விடு தாயி. என்கூடச் சோடியா நிக்க உங்க அப்பாவுக்கு வெக்கம் போல.” சிரித்துக்கொண்டே சொன்னாள். ஆனால் சொல்லிவிட்டு நிற்காமல் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

அதற்கு மேல் காளீஸ்வரி அப்பாவைக் கேட்பதாக இல்லை. டிக்கெட்டைப் போட்டுவிட்டால் வந்துதானே ஆக வேண்டும். பதிவு செய்ய எல்லாருடைய ஆதாரும் வேண்டும்; வீட்டில் இல்லாத சித்தப்பாவின் ஆதாரை மட்டும் அவரிடம் கேட்டாள். அவர் அட்டையைப் படம் எடுத்து அனுப்பினார்.

பார்த்ததும் அவள் கொல்லைப்புறத்துக்கு ஓடினாள். அப்பா ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தார்.

“அப்பா, சித்தப்பாவுக்கும் ஜூன் ஒண்ணுதான். மூணு டிக்கெட்டு ஓசி.”

அவர் குழையைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பினார்.

“உங்க அம்மாகிட்டச் சொல்லிட்டியா?”

“இல்ல. ஏன்?”

அவர் அடுப்படிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“எங்களப் பள்ளிக்கூடத்துல சேக்கையில எவனுக்கும் பொறந்த தேதி தெரியாது. பெரிய வாத்தியாரு எல்லாப் பயலுக்கும் ஜூன் ஒண்ணுன்னு எழுதிவிட்டாரு. எனக்கும் அப்பிடித்தான், உன் சித்தப்பனுக்கும் அப்பிடித்தான்.”

“அப்ப அம்மாவுக்கு?”

“ஆதார் எடுக்க வந்தவுக தேதி கேட்டாக. உங்க அம்மா, ‘எனக்குச் சொல்ல ஆளில்லையே’ன்னு கண்ணு கலங்கி நின்னா. ‘உன் ஆத்தா எங்க வீட்டுல சொல்லியிருக்கு, உனக்கும் எனக்கும் ஒரே நாளு’ன்னு நான்தான் ஒரு பொய்யச் சொன்னேன். இப்ப மூணு பேரும் ஒண்ணாப் போயி ஒரே தேதிய நீட்டி, டிக்கெட்டு குடுக்குறவன் சிரிச்சுட்டான்னா?”

காளீஸ்வரி இத்தனை நாள் அவரை என்னவெல்லாம் பேசினோம் என்று நினைத்துப் பார்த்தாள்.

அம்மாவுக்கோ அந்த நாள்தான் வேண்டும். அப்படியென்றால் சித்தப்பாவின் வாயைக் கட்ட வேண்டும். எப்படிச் சொல்வது என்று புரியாமலே அவருக்குப் போன் போட்டாள்.

“சித்தப்பா, ஒரு உதவி. அன்னைக்கு உங்களுக்கும் பொறந்த நாளுன்னு அம்மா காதுல விழ வேணாம். ஏன்னு கேக்காதீக.”

எதிர்முனையில் சித்தப்பா சிரித்தார்.

“இத நீ வேற எனக்குச் சொல்லணுமாக்கும்? எனக்கு ஜூன் ஒண்ணு, நம்ம ஊரு விஜயபாண்டிக்கு ஜூன் ஒண்ணு, டீக்கடை சண்முகவேலுக்கு ஜூன் ஒண்ணு. வருசா வருசம் மதினி வீடு வீடா வந்து, ‘இன்னைக்கு எங்க ரெண்டு பேருக்கும் பொறந்த நாளு’ன்னு முட்டாயி குடுக்கும். வாங்கித் தின்னுட்டு, ‘நல்லாயிருங்க’ன்னு சொன்னமே தவிர, ‘எனக்குந்தான்’னு இதுவரைக்கும் எவன் வாயத் தொறந்தான்? நீ எனக்கு முழு டிக்கெட்டே போடு தாயி.”