எம்.எல்.ஏ. வீட்டுக் குழாய்

எம்.எல்.ஏ. குழந்தைவேலுவைப் போலவே பேசும் கணினித் திரை உருவம், தொகுதியின் எல்லா வீடுகளிலும் ஒரே நேரத்தில் குறை கேட்டுக்கொண்டிருந்தது. அசல் குழந்தைவேலு ஊஞ்சலில் உட்கார்ந்து செல்போனை நோண்டிக்கொண்டிருந்தார். நான்கு நாளாக அவர் வீட்டுக் குழாயிலேயே சொட்டுத் தண்ணீர் இல்லை.

"வெள்ளிக்கிழமை வந்துடும்" என்றார் மனைவி தெய்வானையிடம், தலை நிமிராமல்.

தெய்வானையும் அந்தத் தொகுதி வாக்காளர்தானே. அடுக்களைக்குப் போய்க் குறை கேட்கும் திரையைப் போட்டாள். அவருடைய குரலே அங்கிருந்து கேட்டது.

"சொல்லுங்கம்மா. முட்டிவலி எப்படி இருக்கு? அந்த வலியோட குடத்தைத் தூக்காதீங்க."

அரைமணி கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"என்ன சொல்றான்?" என்றார் குழந்தைவேலு.

"வெள்ளிக்கிழமை வந்துடுமாம்."

"அதைத்தானே நானும் சொன்னேன்."

"அவரு என் மூஞ்சியப் பாத்துச் சொன்னாருங்க. என் ஓட்டு அவருக்குத்தான்."