ஹெஸ்டர் சொன்ன யோசனை

"டியூக் என்னைக் கட்டிக்கிறேங்கிறாரு. ஆனா வாயைத் திறந்தா நாய்க்கதைதான். என்ன சொல்லட்டும், ஹெஸ்டர்?"

இங்கிலாந்து மாளிகைக்கு விருந்தாளியாக வந்திருந்த சிகாகோ பன்றிக்கறிக் கோடீஸ்வரரின் மகள் லவினியா கேட்டாள்.

"நாயையே அப்படிக் கொஞ்சுறவர் உங்களைத் தாங்கோ தாங்குன்னு தாங்குவாரு, சின்னம்மா. சரின்னுடுங்க!" என்றாள், அவளுக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்த பணிப்பெண் ஹெஸ்டர்.

"எனக்காக எவ்வளவு யோசிக்கிறே!" லவினியா நெகிழ்ந்துபோனாள்.

கல்யாணம் முடிந்து, டியூக்கும் லவினியாவும் ஹெஸ்டரோடு மறுபடி அதே மாளிகைக்கு விருந்துக்கு வந்தார்கள்.

வேலைக்காரர்கள் சாப்பிடும் அறையில், எஜமானியின் அந்தஸ்துப்படிதான் பணிப்பெண்ணுக்கும் இடம்; பிரபுக்களிலேயே டியூக்தான் உச்சப் பட்டம். போன தடவை கதவோரக் குளிரில், கடைசி நாற்காலியில் ஆறிய சூப் குடித்தவள் ஹெஸ்டர்.

இன்று நேரே முதல் நாற்காலிக்குப் போனாள். அன்று "பன்னிக்கறி வந்துடுச்சு" என்று மூக்கைப் பொத்திய பிரபு வீட்டுப் பணிப்பெண் அதில் இருந்தாள்.

"எந்திரி கண்ணு," என்றாள் ஹெஸ்டர். "டியூக் வீடு வந்திருக்கு!"