கட்டிலோடு வந்த கனவு

"இந்தக் கட்டிலைத் திருப்பி எடுத்துக்குங்க மொதலாளி. கட்டின பணத்தைக் குடுத்துடுங்க. இதுல படுத்தா கனா வருது."

தாமோதரன் கல்லாவிலிருந்து நிமிர்ந்தார். தங்கச் சுரங்க ஊரான ராபர்ட்சன்பேட்டையில் பதினாறு வருஷமாகத் தவணைக் கடை நடத்துகிறவர். கால் ஆடுது, கம்பி துருப்பிடிச்சிருக்கு என்று வந்தவர்களையெல்லாம் பேசியே திருப்பி அனுப்பியவர். கனவைச் சொல்லிப் பணம் கேட்டு வந்த முதல் ஆள் இந்த வெங்கடம்மாதான். வாசலில் நின்ற மாட்டு வண்டியில், நாலு மாதத்துக்கு முன் அவர் விற்ற இரும்புக் கட்டில், பச்சை பெயின்ட் வெயிலில் மினுங்கக் கிடந்தது.

"கனா எந்தக் கட்டில்ல படுத்தாலும் வரும்மா. பாயில படுத்தாலும் வரும்."

"பாயில படுத்தா வரல மொதலாளி. இதுல படுத்தாதான் வருது."

அவள் புருஷனின் சோற்றுத் தூக்கைத் திறந்து ரசீதை எடுத்தாள். தூக்கின் மூடியில் ஆணியால் குத்திய நம்பர் இருந்தது. சுரங்கத்தில் இறங்குகிறவர்கள் வீட்டில் சொம்பிலிருந்து மண்வெட்டி வரை, கம்பெனி கொடுத்த டோக்கன் நம்பர் இல்லாத சாமான் கிடையாது. ஷிப்ட் முடிந்து வரும்போது ஆயிரம் தூக்கும் ஒன்றுபோல் இருக்குமே!

ரசீதின் பின்பக்கத்தை விரலால் தட்டினாள். "'பழுது இருந்தால் ஆறு மாதத்துக்குள் பணம் வாபஸ்'னு இருக்கு. நீங்க போட்டதுதானே?"

"பழுதுன்னா காலு ஒடையணும், சட்டம் வளையணும். கனாவுக்கு எவன்மா கேரண்டி குடுப்பான்?" தாமோதரனுக்குச் சிரிப்பு வந்தது. கடையிலும் வேறு ஆள் இல்லை. "சரி, அப்படி இன்னாதான் கனா? சொல்லு, கேப்போம்."

வெங்கடம்மா ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"மழை பேஞ்சு உட்ட மாதிரி எங்கியும் ஈரம். சத்தமே இல்ல. செவுரு இல்ல, கூரை இல்ல. கட்டில் மட்டும் தண்ணி மேல மெதக்குது. தூரத்துல ஒரு வெளக்கு. அது ஆடி ஆடிக் கிட்ட வருது. பாத்தா, ஒசரமா ஒரு ஆளு. தலையில தொப்பி, தொப்பியில வெளக்கு. எடது காதுல பாதி இல்ல."

தாமோதரனின் சிரிப்பு நின்றது.

"சோத்துத் தூக்கால கட்டில் காலைத் தட்டுறாரு. டங், டங். 'மூவாயிரத்து நூத்தி அறுபத்தி நாலு'ன்றாரு. 'பத்து மாசம் கட்டினேனே, என் கட்டில்ல யாரும்மா நீ?'ன்னு கேக்குறாரு. கோவமே இல்ல மொதலாளி. பாவம் போல கேக்குறாரு. அதான் எனக்கு பயமா இருக்குது."

வெளியே மாடு தலையை ஆட்டியதில் மணி குலுங்கியது. தாமோதரன் 1963ஆம் வருஷத்துப் பேரேட்டை எடுத்தார். பார்க்கத் தேவையே இல்லை, ஆனாலும் பார்த்தார். கிளாரன்ஸ், கோரமண்டல் சுரங்கம், டோக்கன் 3164. கட்டிய தவணை பத்து.

சுரங்கத்துக்குள் பாறை வெடித்து இறந்துபோனவர் கிளாரன்ஸ். மீதி இரண்டு தவணை வரவில்லை என்று தாமோதரனே போய்க் கட்டிலைத் தூக்கி வந்தார். கட்டிய ஐம்பது ரூபாயையாவது கொடுங்கள் என்று கிளாரன்ஸின் மனைவி லூயிசா கேட்டபோது, தவணை தவறினால் பொருளும் கடைக்கு, பணமும் கடைக்கு என்றார். அப்புறம் ஒரு டப்பா பச்சை பெயின்ட். புதுக் கட்டில் என்று சொல்லி வெங்கடம்மா தலையில் கட்டியாயிற்று.

"இத வெளியில யார்கிட்டயாவது சொன்னியாம்மா?"

"இன்னும் இல்ல. எங்க லைன் வீடுங்கள்ல சொன்னா..."

அவள் இழுத்த இழுப்பே போதும். செத்தவர் கட்டிலைப் புதுசென்று விற்றவன் கடைக்கு அப்புறம் யார் வருவார்கள்? நாலு தவணைப் பணத்தோடு வண்டிக் கூலியையும் சேர்த்து அவள் கையில் வைத்தார். கட்டில் கடைக்குள் இறங்கியது.

மத்தியானம் கதவைச் சாத்திவிட்டு, வழக்கம்போலக் கல்லா பக்கத்தில் கண்ணயர்ந்தார். பாதித் தூக்கத்தில் கட்டில் மிதந்தது. விளக்கு ஆடி ஆடி வந்தது. டங், டங். "பத்து மாசம் கட்டினேனே மொதலாளி." அவ்வளவு தன்மையான குரல். வியர்த்து விறுவிறுத்து எழுந்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

சாயங்காலமே பஸ் பிடித்துக் கோரமண்டல் போனார். லூயிசாவின் வீட்டுக் கதவு திறந்தே இருந்தது.

"தப்புப் பண்ணிட்டேம்மா." ஐம்பது ரூபாயை நீட்டினார். "அவரு கட்டின பணம். வாங்கிக்குங்க. மத்தியானம் என் கனாவுல வந்து கேட்டாரும்மா."

லூயிசா பணத்தை வாங்கிக் கிளாரன்ஸின் படத்தடியில் வைத்தாள். நாற்காலி ஒன்றை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"உக்காருங்க மொதலாளி. நீங்க பெயின்ட் அடிக்காம உட்ட அடிச்சட்டத்துல அவரு நம்பரைப் பாத்துட்டு, வெங்கடம்மா போன வாரமே என்னைத் தேடிகினு வந்துட்டாங்க. காது, தூக்கு, பத்து மாசம், அந்தக் கனா மொத்தமும் நாந்தான் சொல்லிக் குடுத்தேன்."

தாமோதரன் நாற்காலியில் உட்கார்ந்தார். லூயிசா அவர் எதிரில் மெல்ல உட்கார்ந்தாள். அவள் கண் நிறைந்திருந்தது.

"ஆனா எனக்கு ஒரு நாள்கூட அவரு கனாவுல வந்ததில்ல. சொல்லுங்க மொதலாளி, எப்படி இருக்காரு?"