தோள்வலி தீர்ந்தது

மாதேசனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆயுத பூஜைக்கு முதலாளி ரங்கப்பா ஏரிக்கரைக்கு வருவதற்குள் சவாரிப் படகின் பழைய மோட்டாரைச் சரிசெய்தாக வேண்டும். படகு கரை சேரும் ஒவ்வொரு முறையும், விசிறி தரையில் இடிக்காதபடி அதைச் சாய்த்துத் தூக்குவதற்குள் அவனுக்கு உயிர் போய்விடுகிறது.

"மூணு வருசமா இப்படித்தானேண்ணா ஓடுது, விடுங்க" என்றான் படகோட்டி சுரேந்தர்.

"சும்மா இருப்பா! தோளு கழண்டு போகுது."

மோட்டார் சாயும் கீலில் மண்ணெண்ணெய் ஊற்றி, சுத்தியலால் தட்டித் தட்டி போல்ட்டைக் கழற்றினான். கல்லாய் இறுகியிருந்த பழைய கிரீஸைச் சுரண்டினான். விடியலிலேயே மைசூருக்குப் பஸ் பிடித்துப் போய் வாங்கிவந்த புது கிரீஸை அப்பி மாட்டினான். நடுவில் ஒரு டீகூடக் குடிக்கவில்லை.

ரங்கப்பா வந்தார். மோட்டாருக்குச் சந்தனம் வைத்துவிட்டுத் தூக்கிப் பார்த்தார். ஒற்றைக் கைக்கே எழும்பி நின்றது.

"பலே! யார் பண்ணினது?"

"நானேதானுங்க!" மாதேசனுக்குப் பெருமை தாங்கவில்லை.

ரங்கப்பா பொரிப் பொட்டலத்தை அவன் கையில் திணித்தார்.

"நல்ல காரியம் பண்ணினே. இதைத் தூக்கத்தானே உன்னை வேலைக்கு வச்சிருந்தேன்? இனிமே சுரேந்தர் ஒருத்தனே போதும். நாளைக்கு தசராக் கூட்டம் வேற. நீ உட்கார்ற இடத்துல இன்னொரு டிக்கெட்டை ஏத்திக்கலாம்."