கிளைட்டன் எடுத்த பேர்

“அவர் கடைசியா எந்தப் பேர எடுத்தார், நிக்கொலஸ் அண்ணே?”

ஜெசிந்தா கேட்டுவிட்டுப் பிள்ளையை என் மடியில் வைத்தாள். பிறந்து முப்பத்தெட்டு நாள். ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். பேர் என்ன என்று கேட்டு சுவாமி இரண்டு தரம் ஆள் அனுப்பிவிட்டாராம்.

ஞானத்தகப்பன் நான். என்னைத்தான் வைக்க வேண்டும் என்று அவளே பிடிவாதமாக நின்றாள். அவள் புருஷன் கிளைட்டன் கண் மூடும்போது பக்கத்தில் இருந்தவன் நான்தானே என்றாள்.

அவனைப் படகில் ஏற்றியவனும் நான்தான். அதை அவள் ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

கற்பிட்டியில் இருந்து ரீயூனியனுக்கு. அது பிரான்ஸ்காரனின் தீவு, கரையில் கால் வைத்தால் பிரான்ஸில் கால் வைத்த மாதிரி என்று எவனோ எனக்குச் சொன்னதை நான் அவனுக்குச் சொன்னேன். வயிற்றில் இருப்பது பெண் பிள்ளை என்று ஸ்கேனில் தெரிந்த கிழமை அது. அன்றே ஃபோனில் பிரெஞ்சுப் பேர்கள் தேடத் தொடங்கிவிட்டான். அங்கே பள்ளிக்கூடத்தில் டீச்சர் கூப்பிடும்போது அவளுக்கு நாக்குத் தடுக்கக் கூடாதாம்.

நடுக்கடலிலும் அதே கதைதான். மற்ற நாலு பேரும் படகின் முன்னுக்கு, அவனும் நானும் பின்னுக்கு, இஞ்சின் பக்கத்தில். ஒவ்வொரு பேராகச் சொல்லிப் பார்ப்பான், கூப்பிட்டுப் பார்ப்பான், தானே சிரிப்பான். தண்ணீர் குறைந்த பிறகும் சொன்னான். காய்ச்சல் வந்த பிறகும் சொன்னான்.

பதினேழாம் நாள் என் தோளைத் தட்டினான். முடிவெடுத்துவிட்டேன் அண்ணே, பேர் இதுதான் என்று தொடங்கினான்.

நான் செய்த வேலையைக் கேளுங்கள். “வாயப் பொத்திக்கொண்டு படுடா, விசரா!” என்று கத்திவிட்டு, போட்டிருந்த சேட்டைக் கழற்றிக் காதையும் சேர்த்துத் தலையில் இறுக்கிச் சுற்றிக்கொண்டேன். எனக்கும் தாகம். எனக்கும் பயம். அவன் சொன்ன பேர் என் காதில் விழவே இல்லை.

அடுத்த நாள் அவன் பேசவில்லை. அதற்கு அடுத்த நாள் அவனைக் கடலில் இறக்கினோம்.

எங்களைக் கரையிலேயே பிடித்தார்கள். இருபத்திரண்டு நாள் ஓர் அறையில் வைத்திருந்துவிட்டு, விமானத்தில் ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள்.

ஜெசிந்தா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே காயப்போட்டிருந்த கருவாட்டில் காகம் இறங்கியது. வழமையில் கல்லோடு ஓடுகிறவள், அன்றைக்கு அசையவில்லை.

தெரியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். புனித அன்னம்மா அறிய, அதற்குத்தான் திறந்தேன். பிள்ளை என் விரலைப் பிடித்துக்கொண்டது.

கடலில் அவன் சொன்ன பேர்களில் ஒன்றுகூட என் மண்டையில் நிற்கவில்லை. அவற்றை விட்டால், பிரெஞ்சுப் பெண் பேர் என்று எனக்கு இந்த உலகத்தில் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்.

“சில்வி” என்றேன்.

அவள் எழும்பிப் போய், அன்னம்மா சுரூபத்தின் அடியில் இருந்து ஒரு கொப்பித் தாளை எடுத்து வந்தாள். கிளைட்டனின் கையெழுத்து. பன்னிரண்டு பேர். போகிற வழியில் இதில் ஒன்றை எடுக்கிறேன் என்று வைத்துவிட்டுப் போயிருக்கிறான். இப்படி ஒரு தாள் இருப்பது எனக்குத் தெரியாது.

விரலை வைத்து மேலிருந்து கீழே பார்த்தாள். திரும்பவும் மேலிருந்து பார்த்தாள்.

“இதில இல்லையே அண்ணே. பாருங்களன், எனக்கும் சொல்லாம, தானே புதுசா ஒண்டு கண்டுபிடிச்சிருக்கிறார் மனுசன்!”

சிரித்தாள். அவன் செத்த செய்தி வந்த பிறகு அவள் சிரித்து நான் பார்ப்பது இதுதான் முதல் தரம். சிரித்தபடியே பேனாவைத் தேடி எடுத்து, பன்னிரண்டாவது பேருக்குக் கீழே அதை எழுதினாள். பிறகு குனிந்து பிள்ளையின் காதில் இரண்டு தரம் கூப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சுவாமி கேட்கும்போது, பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு நானும் அந்தப் பேரைச் சொல்ல வேண்டும்.

திருப்பி அனுப்பிய அன்று என்னை விமானத்துக்குள் கொண்டுபோய் இருத்தி, இடுப்பில் பெல்ட்டை இறுக்கிவிட்ட பொலிஸ்காரியை மற்றப் பொலிஸ்காரர்கள் அந்தப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள்.